நாத்தனாரைத் திருத்துதல்

உளுந்தைப் போட்டாயிற்று. இனி அது பொங்கி வருகிற வரைக்கும் இந்த வீட்டில் சத்தம் போடக் கிரைண்டருக்கு மட்டும்தான் உரிமை. அவர் கறி வாங்கப் போயிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நின்று தொடைக்கறிதான் வேண்டும் என்று வாதாடி வாங்கி வருவதற்குள் நான் கதையைத் திருத்தி முடித்துவிடுவேன், முடிக்கிறேனா இல்லையா பார். மூன்று மணிக்குக் கதை எழுதும் வகுப்பு. திருத்திய பிரதி கைக்கு வந்தால்தான் அச்சாகப் போகிற தொகுப்பில் இடம் என்று வகுப்பு நடத்துகிற தேவசகாயம் சார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், வராவிட்டால் அந்த இடத்தில் கூடப் படிக்கிற நிவேதனின் கதை போகும், வேற்றுக்கிரகத்து ஆள் ஒருவன் நம் ஊர்க் குளத்தில் இறங்கி ஆகாயத்தாமரையில் சிக்கிக்கொள்கிற கதை. அது போவதற்கு நான் உயிரோடு இருக்கும்வரை சம்மதிக்க மாட்டேன். சாப்பாட்டு மேஜையில் மூன்று ஜெராக்ஸ் பிரதி கிடக்கிறது, மூன்றும் என் கதைதான், மூன்றின் ஓரத்திலும் மற்றவர்கள் கிறுக்கியது. எங்கள் வகுப்பின் வழக்கம் அப்படி. கதையை ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிட வேண்டும், வீட்டில் வைத்துப் படித்து ஓரத்தில் எழுதிக்கொண்டு வருவார்கள், பிறகு வட்டமாக உட்கார்ந்து வாயாலும் சொல்வார்கள், அத்தனை நேரமும் எழுதின ஆள் வாயைத் திறக்கக் கூடாது, கீழே பேக்கரியிலிருந்து டீ வருகிற வரைக்கும். டீ வந்த பிறகு பேசலாம். போன வாரம் என் முறை, அன்றைக்குப் பார்த்து பேக்கரியில் பால் தீர்ந்துவிட்டது. நான் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள், கொலைக் கேஸ் குற்றவாளியைக்கூட ‘நீ ஏதாவது சொல்ல விரும்புகிறாயா’ என்று கேட்பதைக் காதால் கேட்டு விரலால் அடித்தவள், என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததில் தாடை வலித்தது. கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும், உளுந்து ஒட்டிக்கொண்டு சுற்றுகிற சத்தம் வேறு மாதிரி இருக்கும், இதோ வருகிறேன்.

தெளித்தாயிற்று. கதை என்ன பெரிய கதை, நடந்ததை நடந்தபடி எழுதினேன். மாமியார் இறந்து போகிறாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து மறுநாள் காலையில் மகள் குட்டியானை என்கிற சின்னச் சுமை வண்டியோடு வந்து நிற்கிறாள். ஊர் உறங்கி எழும் முன்னே அம்மாவின் பழைய கிரைண்டரை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறாள், அந்தக் காலத்து உருப்படி, இரண்டு ஆள் தூக்க வேண்டும், கல் மட்டுமே ஒரு ஆள் கனம், இப்போது ஓடுகிற இது பிறகு வாங்கியது. அந்தக் கிரைண்டரில் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாவாட்டியவள் மருமகள். கல்லைக் கொண்டுபோனவள் மூடியை மட்டும் அடுப்படி மேடையில் போட்டுவிட்டுப் போகிறாள். மருமகள் தரையில் பதிந்து போயிருக்கிற வட்டமான கறையைப் பார்த்து அழுகிறாள். அவ்வளவுதான், கதை முடிந்தது. ருக்குமணி அண்ணிக்கு, அதாவது என் வீட்டுக்காரருடைய அக்காவுக்கு, காந்திமதி என்று பெயரை மாற்றினேன், வேறு எதையும் மாற்றவில்லை. மருமகளுக்குப் பெயரே வைக்கவில்லை, அது நான்தானே, எனக்குத் தெரியாதா. மூன்று வருஷம் மனசுக்குள் ஊற வைத்து எழுதியது. இந்த மூன்று வருஷமும் ருக்குமணி அண்ணியும் நானும் பேச்சுவார்த்தை கிடையாது, கல்யாண வீட்டில் எதிரெதிர்ப் பந்தியில் உட்கார்ந்து இருவரும் ரசத்தை உற்றுப் பார்ப்போம். கதை அச்சில் வரட்டும், சொந்தத்தில் நாலு பேர் படிக்கட்டும், யார் செய்தது நியாயம் என்று ஊர் சொல்லட்டும் என்றுதான் எழுதினேன், அதில் என்ன வெட்கம். வகுப்பில் கொடுத்துவிட்டு வந்த அன்று இரவு தூக்கம்கூட நன்றாக வந்தது. தீர்ப்பு நம் பக்கம் என்று தெரிந்த கேஸில் வக்கீல்கள் நடக்கிற நடையே தனி, அந்த நடைதான் நடந்து போனேன் போன வாரம்.

இப்போது பார், பொன்னம்பலம் சார் எழுதியிருக்கிறதைப் பார். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், அளந்து பேசுகிற மனிதர், சிவப்பு மையில் எழுதியிருக்கிறார், ‘காந்திமதி வருகிற இடங்களில்தான் கதைக்கு உயிர் இருக்கிறது. வண்டியின் பின்னால் கிரைண்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போகிறாளே, அந்த இடத்தில் எனக்குத் தொண்டையை அடைத்துவிட்டது.’ தொண்டையை அடைத்ததாம்! நான் அதை எழுதியது எதற்கு, அவளுடைய பேராசையைக் காட்ட. முன்னால் டிரைவர் பக்கத்தில் சீட் காலியாக இருந்தும் உட்கார மாட்டேன் என்று பின்னால் ஏறி, எங்கே விழுந்துவிடுமோ எவன் பிடுங்கிக்கொள்வானோ என்று இரண்டு கையாலும் அதை அணைத்துக்கொண்டு நின்றாள், பெண்பிள்ளை, அறுபதைத் தொட்ட வயதில், முந்தானை காற்றில் பறக்க. பேராசை இல்லாமல் அது என்ன. வகுப்பில் வாயாலும் அதையே சொன்னார், சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், நான் டீயைத் தேடி வாசலைப் பார்த்தேன். நிவேதன் இருக்கிறானே, கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன், அவன் பென்சிலில் எழுதியிருக்கிறான், ‘காந்திமதி செம ஆன்ட்டி. மருமகள்தான் ரொம்பப் புலம்புறாங்க. இது கதையா, மனுவா?’ மனு! நான் அடித்த மனுக்களை அடுக்கினால் இவன் வீட்டு மாடிக்கு ஏறலாம், எனக்குத் தெரியாதா மனு எது கதை எது என்று. தெரியும். தெரிவதால்தான் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு மனுவை எவ்வளவு அழகாக அடித்தாலும் அதைக் கடைசியில் யாரும் திரும்ப எடுத்துப் படிப்பதில்லை, கட்டி மேலே போட்டுவிடுவார்கள், தூசி தின்னும். நான் எழுதினதும் அந்தச் சாதிதானோ? ஓய்வு பெற்ற பிறகு கதை எழுதுகிறேன் என்று கிளம்பினது எல்லாம் வெறும் டைப்பிஸ்ட் விரலின் அரிப்புதானோ? சே, இந்த நினைப்பை விட்டுத் தள்ள வேண்டும், காலையில் இது ஆகாது. உளுந்து வெள்ளையாக வந்துவிட்டது, ஒரு துளி எடுத்துத் தண்ணீரில் போட்டேன், மிதக்கிறது. மாவு அரைக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அதே கைதானே இது.

உளுந்தை வழித்துவிட்டு அரிசியைப் போட்டாயிற்று. இதன் சத்தம் கரகரவென்று தொடங்கும், போகப் போக அடங்கும். சரி, திருத்துவோம். எல்லோருக்கும் காந்திமதியைப் பிடித்துப் போயிற்று என்றால் என்ன அர்த்தம், நான் அவளைப் போதிய அளவு கெட்டவளாக எழுதவில்லை என்று அர்த்தம். குறை அதுதான், சரி செய்துவிட்டால் போகிறது. பேனாவை எடுத்தேன். ‘காந்திமதி பீரோவையும் திறந்து பார்த்தாள்’ என்று இடையில் ஒரு வரி சொருகினேன். ‘மாமியாரின் வெள்ளிக் குத்துவிளக்கை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.’ எழுதி முடித்துப் படித்தால் கேவலமாக இருக்கிறது, இட்டுக்கட்டின சாட்சி மாதிரி. பொய்ச் சாட்சி சொல்கிறவன் கேட்காத விவரமெல்லாம் கொடுப்பான், அன்றைக்கு என்ன சட்டை போட்டிருந்தான் என்றுகூடச் சொல்வான், அடிக்கும்போதே எங்களுக்குத் தெரிந்துவிடும். ருக்குமணி அண்ணி குத்துவிளக்கை எடுக்கவில்லை. அது இன்னும் என் சாமி அலமாரியில்தான் இருக்கிறது, வெள்ளிக்கிழமை நான்தான் துலக்குகிறேன். பட்டுப்புடவைகளைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. இவர், அவளுடைய தம்பி, ‘அம்மாளோட வளையலு ரெண்டு இருக்குது, எடுத்துக்கக்கா’ என்று நீட்டினபோது, ‘எனக்கு எதுக்குடா, உன்ற மருமக வருவா, அவளுக்குப் போடு’ என்றாள். நான் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். இது ஏன் கதையில் இல்லை? இல்லை, எழுதவில்லை. எழுதினால் எதிர்த்தரப்புக்கு அல்லவா சாதகமாகப் போகும். எதிர்த்தரப்பு கூப்பிட்டும் வராவிட்டால் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வார்கள், எக்ஸ்பார்ட்டி என்று கோர்ட்டில் சொல்வோம், ஆனால் அதற்குக்கூட நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும். நான் நோட்டீஸே அனுப்பவில்லை. சொருகின இரண்டு வரியையும் அடித்தேன். அடித்ததும் ஒரு சுகம், அது ஏன் என்று தெரியவில்லை. அதற்காக அவள் செய்தது சரி என்று ஆகிவிடாது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ‘வனிதா, அம்மாளோட கிரைண்டர எடுத்துக்கட்டுமா’ என்று ஒரு வார்த்தை. கேட்கவில்லை. வாசலில் நின்று, ‘இன்னும் என்ன வேணும்னாலும் எடுத்துட்டுப் போங்க’ என்று நான்தான் சொன்னேன், எரிச்சலில். ‘எனக்கு வேணுங்கறத எடுத்துட்டேன்’ என்று அவள் சொன்னாள், வண்டி கிளம்பியது, அதுதான் கடைசிப் பேச்சு.

ஹாஜிராவின் பிரதியைக் கடைசியாக வைத்திருந்தேன், அந்தப் பெண் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள், மாத்திரை அட்டையில் காலை மாலை என்று எழுதுகிற பொடி எழுத்து. கதை முழுக்க அவள் எதுவும் எழுதவில்லை, கடைசிப் பக்கத்தில் மட்டும் இரண்டு கேள்வி. ‘மருமகளின் பெயர் என்ன?’ அதை விடு. இன்னொன்று, ‘மூடியை ஏன் விட்டுவிட்டுப் போனாள்?’ இதென்ன கேள்வி. விட்டுவிட்டுப் போனாள், அவ்வளவுதான். நடந்தது, எழுதினேன். மறந்திருப்பாள். ருக்குமணி அண்ணியா மறக்கிறவள்? கல்யாணத்துக்கு வந்த சொம்புகளில் எது யார் வீட்டுச் சொம்பு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அப்படியானால் வேண்டுமென்றே போட்டுவிட்டுப் போனாள், கல் எனக்கு மூடி உனக்கு என்று ஏளனமாக. அப்படித்தான் இத்தனை வருஷமும் நினைத்தேன், அதனால்தான் கதையிலும் ‘போட்டுவிட்டு’ என்று எழுதினேன். போட்டாளா? சத்தம் கேட்டதா? இல்லை, நான் வாசலிலிருந்து திரும்பி உள்ளே வந்தபோது மேடைமேல் இருந்தது. குப்புற இருந்ததா நிமிர்ந்து இருந்ததா? சுவரோடு சாய்த்து வைத்திருந்தது. துடைத்து. ஆமாம், துடைத்து, சுவரோடு சாய்த்து, கழுவின பாத்திரத்தை வைக்கிற மாதிரி. தூக்கிப் போடுகிறவள் துடைப்பாளா? கிரைண்டர் ஓடுகிறது, தண்ணீர் தெளிக்கக்கூட மறந்துவிட்டேன், எழுந்து போய்த் தெளித்துவிட்டு நிற்கிறேன், வழித்து வைத்த உளுந்துமாவின் மேல் அந்த மூடிதான் கவிழ்ந்திருக்கிறது, தினமும் புழங்குகிற மூடி. எடுத்தேன். மூடியாவது ஒன்றாவது, இது தட்டு. சாப்பிடுகிற தட்டு. கிரைண்டரோடு வந்த மூடி உடைந்து போய் அத்தை ஒருநாள் சமையலறையெல்லாம் தேடி இதை எடுத்து வைத்துப் பார்த்தாள், ‘உன்ற தட்டு அளவெடுத்தாப்புல உக்காருது பாரு’ என்றாள், அன்றிலிருந்து இது மூடி ஆகிவிட்டது, வீட்டில் எல்லோரும் மூடி என்றார்கள், நானும் மூடி என்றேன், கதையிலும் மூடி என்று எழுதினேன். விளிம்பைத் திருப்பிப் பார்த்தேன். புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறது, தேய்ந்திருக்கிறது, விரல் வைத்தால் தெரிகிறது, ரா. வனிதாமணி. சீர்ப் பாத்திரம் வாங்கின கடை வாசலில் அப்பா நின்றுகொண்டு, ‘இனிசியல் எம்பேர்லயே போடுங்க, புகுந்த வீட்டு இனிசியல் அவிய போட்டுக்குவாங்க’ என்று சொல்லிச் சொல்லி வெட்டச் சொன்னது, டக் டக் டக்கென்று அந்த ஆள் வெட்டின சத்தம் பல்லுக்குள் கூசியது. என் தட்டு. என் பெயர் போட்ட தட்டு. எனக்கு முகம் சூடாகிவிட்டது.

இனி என்ன, இதற்குச் சாட்சி ஒரே ஆள்தான். கேட்காமல் நானே ஒரு காரணத்தைக் கற்பித்து எழுதலாம், கதைதானே, தேவசகாயம் சாரே சொல்வார், எழுத்தாளருக்கு எல்லா உரிமையும் உண்டு என்று. ஆனால் எனக்குத் தெரிய வேண்டும். கதைக்காக, கதைக்காகத்தான், வேறு எதற்கும் இல்லை. கிரைண்டரை நிறுத்தினேன். வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது. போனில் பெயரைத் தேடி அழுத்துகிறேன். எடுக்க மாட்டாள் என்று நினைத்து முடிப்பதற்குள் எடுத்துவிட்டாள். “சொல்லு” என்றாள். “அண்ணி, நான் வனிதாமணி பேசறனுங்க.” “தெரியுது, பேருதான் வருதே.” பெயரை அழிக்கவில்லை. உடனே குரல் மாறிற்று, “ஏன், தம்பிக்கு ஒண்ணுமில்லையே?” மூன்று வருஷம் கழித்து வருகிற போன் என்றால் யாருக்கும் அந்த நினைப்புத்தான் வரும், பாவம். “நல்லாருக்காருங்க, கறி வாங்கப் போயிருக்காரு” என்றேன். “அப்பறம்?” “ஒரு சந்தேகமுங்க. அன்னைக்குக் கிரைண்டர எடுத்துட்டுப் போனீங்கல்ல, மூடிய ஏன் உட்டுட்டுப் போனீங்க?” அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்தது. “மூடியா? அது உன்ற தட்டு தானே. உன்ற பேரு போட்டிருக்குது. எங்கம்மாளது எதுவோ அத எடுத்தேன், உன்றது எனக்கெதுக்கு? துடைச்சு வெச்சுட்டுத்தானே வந்தேன். இப்பவும் நான் நியூஸ்பேப்பர் போட்டுத்தான் மூடீட்டிருக்கறேன், எந்தத் தட்டும் அதுக்கு ஒக்கார மாட்டீங்குது. இதக் கேக்கவா போன் பண்ணினே?” “ஒரு கதைக்கு வேணுமுங்க” என்றேன், என் குரல் எனக்கே சின்னப் பிள்ளைக் குரலாகக் கேட்டது. “நான் வர்ற கதையா? தம்பி சொன்னான்.” ஓஹோ, இவர் அக்காவோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறார், கறியோடு வரட்டும், வைத்துக்கொள்கிறேன். “கெட்டவளா வர்றனா?” என்றாள். சத்தியப் பிரமாணம் செய்தவர்களையே பார்த்துப் பார்த்து வளர்ந்த நாக்கு, பொய் வரவில்லை. “ஆமாங்க. ஆனா வகுப்புல எல்லாத்துக்கும் உங்களத்தான் புடிச்சிருக்குது. ஒரு பெரியவரு படிச்சுட்டுக் கண்ணத் தொடைச்சாருங்க.” “எதுக்காம்?” “நீங்க கிரைண்டரக் கட்டிப் புடிச்சுட்டு, வண்டில நின்னுட்டே போனீங்கல்ல, அதுக்கு.” வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், இல்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது. “அம்மாளத் தூக்கீட்டுப் போறப்ப,” என்றாள், “என்னைய வண்டில ஏத்துலியே. பொம்பளைக சுடுகாட்டுக்கு வரக்கூடாதுன்னு தெருமுக்குலயே நிறுத்தீட்டாங்க. நீயும்தான் எம்பக்கத்துல நின்னே.” நின்றேன். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன், வண்டி திரும்புகிற வரைக்கும் இருவரும் நின்றோம், அவள் வண்டியின் பின்கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வந்தது, இந்த முறை கறையைப் பார்த்து வந்த அழுகை இல்லை. “அண்ணி” என்றேன். “செரி, இப்ப என்ன பண்ணப்போறே, என்னைய நல்லவளா மாத்தப்போறயா?” “தெரீலீங்க அண்ணி.” “மாத்தாத” என்றாள், பழைய அதட்டல், மாவில் உப்பு கூடினால் போடுகிற அதே அதட்டல். “அந்தப் பெரியவரு கண்ணத் தொடைச்சாருன்னா எளுதுனது செரியாத்தான் இருக்கும். நான் எப்படி இருக்கறனோ அப்படியே உட்டுரு. குக்கர எறக்கோணும், வெய்யி.” வைத்துவிட்டாள்.

பேனாவை எடுத்து உட்கார்ந்தேன். காந்திமதியில் ஒரு எழுத்தைத் தொடவில்லை. வளையலை வேண்டாம் என்றதை மட்டும் சேர்த்தேன், அது நடந்தது, நான் சாட்சி. சுடுகாட்டு வண்டியை எழுதலாமா என்று பேனா ஓரத்தில் ஒரு நிமிஷம் நின்றது, எழுதினால் வகுப்பே அழும், நிவேதன்கூட அழுவான். எழுதவில்லை. பொன்னம்பலம் சாருக்கு அது தெரியாமலேயே தொண்டை அடைத்திருக்கிறது, பிறகு நான் எதற்கு அவள் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல வேண்டும். அதை அவள் எனக்குச் சொன்னாள், வகுப்புக்குச் சொல்லவில்லை. ‘போட்டுவிட்டு’ என்பதை அடித்து ‘துடைத்து வைத்துவிட்டு’ என்று எழுதினேன். கடைசிப் பத்தி, தரையில் வட்டக் கறை, அதன் முன்னால் உட்கார்ந்து மருமகள் அழுகிற பத்தி, எனக்கு மிகவும் பிடித்த பத்தி, ஆறு முறை மாற்றி மாற்றி அடித்து மனப்பாடமே ஆகிவிட்ட பத்தி. மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டேன், வலிக்கவில்லை. நிவேதன் சொன்னதுதான் சரி, புலம்பல்தான், அவனிடம் டீ வருவதற்கு முன்னால் இதைச் சொல்லக் கூடாது, தலையில் ஏறி உட்காருவான். ஹாஜிராவிடம் மட்டும் சொல்ல வேண்டும், உன் இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் இருந்தது பெண்ணே என்று. வெளியே இவருடைய வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்கிறது, கறிப்பையும் ஒரு முழக் கள்ளச்சிரிப்புமாக வருவார், அக்கா அதற்குள் போன் பண்ணியிருப்பாள். வரட்டும். கோட்டுக்குக் கீழே புதிதாக எழுதினேன், அடித்தல் திருத்தல் இல்லாமல், கோர்ட்டில் தீர்ப்பின் கடைசி வரியை அடிக்கிற வேகத்தில். ‘வண்டி தெருமுக்குத் திரும்பியதும் மருமகள் அடுப்படிக்கு வந்தாள். மேடையில் தட்டு துடைத்துச் சாய்த்து வைத்திருந்தது. விளிம்பில் அவள் பெயர் வெட்டியிருந்தது, ரா. வனிதாமணி.’ எழுதிவிட்டுப் போய்க் கிரைண்டரைப் போட்டேன், அரிசி இன்னும் கொஞ்சம் அரைபட வேண்டியிருந்தது.